ஊறல் தண்ணீர்த் தொட்டி: ஓர் அரிசி ஆலை விபத்தும் ஊழியர்களுக்குக் கிடைத்த துணையும்

எதைப் பற்றிய பதிவு

திருவாரூர் மாவட்டத்தில், பாமணியாற்றுப் பக்கம் உள்ள ஒரு நவீன அரிசி ஆலையில் 2023 பிப்ரவரியில் நடந்தது இது. ஆலையின் பெயரோ ஆட்களின் பெயரோ தரப்படவில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விபத்துக்கு மறுநாள் ஊழியர் நலனைக் கவனிக்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டேன். ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். ஆலையில் வேலை பார்த்த மற்ற அறுபது எழுபது பேருக்கு என்ன ஆனது, அவர்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் பொருள்.

பின்னணி

ஆலையில் நிரந்தர ஊழியர்கள் 38 பேர். இவர்கள் போக மேஸ்திரி மூலம் வரும் லோடுமேன்கள், களத்தில் நெல் தள்ளும் பெண்கள், பீகாரிலிருந்து வந்து ஆலைக்குள்ளேயே ஒரே அறையில் தங்கியிருந்த 6 இளைஞர்கள். நிரந்தர ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) உண்டு. மேஸ்திரி ஆட்களுக்கு இரண்டும் இல்லை. மேஸ்திரி ஆட்களுக்கான இ.எஸ்.ஐ. பொறுப்பும் சட்டப்படி மூல முதலாளியான ஆலையிடம்தான் வந்து நிற்கும். ஆனாலும் டெல்டாவின் பல ஆலைகளில் இதுதான் நிலவரம்.

விபத்துக்கு முன்பே ஆலையில் இருந்த ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஆலையின் கூரைத் தகடுகள் பறந்தன. போன் இல்லை, கரண்ட் இல்லை. யார் வீடு விழுந்தது, யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாமல் மேனேஜர் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். அதற்குப் பிறகு ஆபீசில் ஒரு நீள நோட்டுப் போட்டார்கள். ஆள் பெயர், ஊர், தெரு, வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பர், ரத்த வகை. ‘வீட்டு நோட்டு’ என்று அதற்குப் பெயர். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் போனஸ் கொடுக்கும் அன்று, கையெழுத்து வாங்கும்போதே நம்பரையும் சரிபார்ப்பார்கள். அந்த நோட்டில் மேஸ்திரி ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

2022இல் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையிலிருந்து ஒருநாள் செய்முறைப் பயிற்சி நடந்தது. பெரும்பகுதி தீயைப் பற்றியது. கடைசியில் கிணறு, செப்டிக் டேங்க், தொட்டி பற்றி ஒரு கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அதைக் கவனமாகக் கேட்ட ஒருவர் பாய்லர்காரர்.

விபத்து நடந்த காலை

புழுங்கல் நெல்லை ஊறவைத்து வடித்த தண்ணீர் ஒரு நிலத்தடித் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் மூலம் வெளியேறும். தொட்டி 9 அடி ஆழம். உமியும் கருக்காயும் அடியில் போய், மோட்டார் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஒருவர் ஏணியில் இறங்கிக் கையால் எடுத்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் நடந்து வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அந்த வருடம் பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பி மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. நெல் வரத்து நின்று ஆலை ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. பழைய ஊறல் தண்ணீர் தொட்டியிலேயே கிடந்து அழுகியது. பிறகு நெல் ஒரே மூச்சாக வந்தது. ஈர நெல், காத்துக் கிடக்க முடியாத நெல். மோட்டார் இழுக்கவில்லை. ‘வால்வைக் கொஞ்சம் பாருப்பா’ என்று சூப்பர்வைசர் சொன்னார்.

புழுங்கல் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்த, 40 வயதைத் தாண்டிய நிரந்தர ஊழியர் இறங்கினார். அடியில் உள்ள சகதியைக் கிளறியதும் சரிந்து விழுந்தார். மேலே நின்ற பீகார் இளைஞர் அவரைத் தூக்க இறங்கி, பாதி ஏணியிலேயே மயங்கினார். அவருடைய கை ஏணிப் படிக்குள் மாட்டிக்கொண்டதால் அடிக்குப் போகவில்லை. களத்தில் இருந்த பெண் ஒருவர் கத்தினார்.

முதலில் ஓடி வந்தது இறந்தவரின் மச்சான். அதே ஆலையில் லோடுமேன். அவர் தொட்டி வாயில் காலை வைக்கும்போது பாய்லர்காரர் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார். ‘விடுண்ணே, எங்க மாமா உள்ள கெடக்காரு’ என்று இவர் அடிக்க, அவர் விடவில்லை. இன்னும் இரண்டு பேரை மச்சானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூட்டை கட்டும் கயிற்றில் சுருக்குப் போட்டுக் கம்பியால் இறக்கி, ஏணியில் தொங்கியவரின் தோளில் மாட்டி மேலே இழுத்தார்கள். தூற்றும் காற்றாடியைத் தூக்கி வந்து தொட்டிக்குள் காற்று அடித்தார்கள். ஃபயர் சர்வீஸ்காரர்கள் பிரீத்திங் செட் போட்டுக்கொண்டு இறங்கி முதலாமவரை எடுத்தபோது அவருக்கு உயிர் இல்லை.

பாய்லர்காரர் செய்தது சரி என்பதைச் சந்தேகமில்லாமல் இங்கே பதிவு செய்கிறேன். அழுகிய கரிமக் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு 100 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தொடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். இன்னும் கூடினால் சில மூச்சிலேயே ஆள் விழுவார். இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எச்சரித்தது. அன்று மாலை ஆலை வாசலில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அங்கே பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘அவன் விட்டிருந்தா மாமனைத் தூக்கியிருப்பான்.’

அன்றே எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வீட்டுக்கு யார் சொல்வது. யாரோ எடுத்த வீடியோ அதற்குள் வாட்ஸாப்பில் போய்க்கொண்டிருந்தது. வீட்டு நோட்டைப் பார்த்தார் மேனேஜர். மனைவியின் நம்பர் இருந்தது, ஆனால் அழைக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் பேசி, மனைவி நூறு நாள் வேலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, கணக்கரையும் கணக்கரின் மனைவியையும் காரில் அனுப்பினார். வீடியோ அந்த அம்மாவின் போனுக்கு வருவதற்குச் சற்று முன்னால் இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிற்பாடு அந்த அம்மா என்னிடம் சொன்னது: ‘எங்கிட்ட வந்து உக்காந்து சொன்னாங்க. போன்ல பாத்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல.’

பீகார் இளைஞருக்கு இப்படி ஒரு வரி நோட்டில் இல்லை. அறைத்தோழர்களிடம் கேட்டு அண்ணன் நம்பரைப் பிடிக்க இரவாகிவிட்டது. மேனேஜருக்கு இந்தி வராது. அறைத்தோழர் ஒருவர் அழுதுகொண்டே பேசியதில், தம்பி இறந்துவிட்டதாகவே அங்கே புரிந்துகொண்டார்கள். ஐ.சி.யூ.விலிருந்து வீடியோ காலில் முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

இரண்டாவது, பிணவறை வாசலில் பேரம் பேசுவதில்லை என்பது. உறவினர்களும் ஊர்க்காரர்களும் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்தார்கள். வழக்கமாக இங்கே ஒரு தொகை பேசி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். ஆலை உரிமையாளர் வேறு வழி எடுத்தார். இறந்தவர் இ.எஸ்.ஐ.யில் இருந்ததால் சார்ந்தோர் உதவித்தொகை மாதாமாதம் வரும், அது சராசரி நாள் கூலியில் 90 சதவீதம், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு பிரியும், பி.எஃப். காப்பீடு தனி, இவை ஆலை தரும் தொகை அல்ல, சட்டப்படி அவர்களுக்கு உரியவை, இதற்கு மேல் ஆலை தருவது இவ்வளவு. இப்படிப் பிரித்துத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, ஊர்த் தலைவர் முன்னிலையில் கொடுத்தார். எந்த உரிமையையும் விட்டுக்கொடுப்பதாகக் குடும்பத்திடம் எழுதி வாங்கவில்லை. சாயங்காலம் உடலை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது முடிவை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். ஆலை மூடியிருக்கும் நாட்களுக்கு எல்லோருக்கும் கூலி உண்டு என்று அன்றிரவே சொல்லிவிட்டார்கள். லோடுமேன்களுக்கு மூட்டைக் கூலிதான், மூட்டை இல்லையென்றால் காசு இல்லை. அதனால் ஆலை ஓடிய கடைசி இரண்டு வாரத்தின் சராசரியை எடுத்துக் கொடுத்தார்கள். தன் கையில் கொடுக்கச் சொன்னார் மேஸ்திரி. ஆலை மறுத்து ஆளாளுக்குக் கையில் கொடுத்தது. அறுவடைக் காலத்து வருமானம்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதும். அது போகும் என்ற பயத்தோடு இருப்பவரிடம் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை. கூலி உறுதியான பிறகுதான் பலர் எங்களிடம் உட்கார்ந்து பேசவே வந்தார்கள்.

முதல் வாரம்

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வு, போலீஸ் விசாரணை, வாக்குமூலம் என்று முதல் மூன்று நாள் போயிற்று. ஒரே சம்பவத்தை ஒரே ஆள் நாலு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. கூட ஒருவர் போய் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, திரும்ப வீட்டில் விடும் ஏற்பாட்டை மட்டும் செய்ய முடிந்தது. சிறிய விஷயம்தான், ஆனால் அன்று கத்திய களத்துப் பெண் கடைசிவரை நினைவு வைத்துச் சொன்னது அதைத்தான்.

மூன்றாம் நாள் நல்லெண்ணத்தோடு ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, அன்று என்ன பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். மூன்றாவது ஆள் சொல்லும்போதே களத்துப் பெண்கள் இருவர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். தொட்டியைப் பார்க்காதவர்களும் மற்றவர் வாயால் பார்த்துவிட்டார்கள். கூட்டத்தை நடுவில் நிறுத்தினோம். பெரிய அதிர்ச்சிக்குப் பின் உடனடியாக எல்லோரையும் கட்டாயமாகப் பேசவைக்கும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மிக எளிமையானது: கவனி, காது கொடு, தேவையான இடத்தோடு சேர்த்துவிடு. பேச விரும்பாதவரைப் பேசவைக்காதே.

அதற்குப் பிறகு மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் உளவியலாளரும் ஒரு செவிலியரும் வந்தார்கள். சாம்பிள் நெல் வைக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தோம். விரும்பியவர் வரலாம், வராவிட்டால் கேள்வி இல்லை, யார் வந்தது என்று ஆபீசுக்குச் சொல்லப்படாது. தூக்கம் வராமல் இருப்பது, மோட்டார் சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, சாப்பாட்டில் நாற்றம் அடிப்பது போலத் தோன்றுவது எல்லாம் இந்த நேரத்தில் வரக்கூடியவை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும், ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். அரசின் இலவச மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416 கேட்டில் எழுதப்பட்டது.

பீகார் இளைஞர்களில் 4 பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். சீசன் நடுவில் விடக் கூடாது, கணக்கைப் பிடித்துவை என்று மேஸ்திரி சொன்னார். மேனேஜர் முழுக் கணக்கையும் தீர்த்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். மருத்துவமனையில் இருந்தவருக்குத் துணையாக ஒருவர் தங்கினார், அவருக்கும் தினக்கூலி. மருத்துவமனையில் இருந்தவரை இ.எஸ்.ஐ.யில் முன்தேதியிட்டுப் போன வாரம் சேர்ந்ததாகக் காட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர் நாலு மாதமாக வேலை பார்ப்பது ஊருக்கே தெரியும். அந்த யோசனையை விட்டுவிட்டு, சிகிச்சைக்கான மேல்செலவையும் கூலியையும் ஆலையே ஏற்றது. மேஸ்திரி ஆட்களுக்குக் கட்டாமல் விட்ட பங்களிப்பை வட்டியோடு கட்ட வேண்டி வந்தது பிறகு.

தொட்டி வாயில் நடந்த விளக்கம்

இதற்குள் பாய்லர்காரரின் நிலை மோசமாகியிருந்தது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் ஆட்கள் எழுந்து போனார்கள். இறந்தவரின் தெருவும் அவர் தெருவும் பக்கம் பக்கம். பால்தெளிக்குப் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு ஆலோசனை ஏற்பாடு செய்யலாம் என்பது முதலில் வந்த யோசனை. அவரோ, ‘எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் செஞ்சது தப்பா சரியா, அதை மட்டும் யாராவது நாலு பேர் முன்னாடி சொல்லுங்க’ என்றார்.

அவர் கேட்டதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்தாக இருந்தது. வக்கீல் தயங்கினார், விசாரணை நடக்கும்போது ஆலை எதையும் சொல்லக் கூடாது என்றார். காரணம் யார் என்று பேச வேண்டாம், வாயு என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டுவோம் என்று முடிவாகி, ஃபயர் சர்வீஸ் அதிகாரியைக் கேட்டோம். அவர் ஒத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை. ஊழியர்கள், மேஸ்திரி ஆட்கள், இறந்தவரின் உறவினர்களில் வர விரும்பியவர்கள். அதிகாரி கையடக்கமான கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். மேலே ஒன்றும் இல்லை. நாலடியில் கீச்சென்று கத்தியது. ஆறடியில் விடாமல் கத்தியது. ஒரு வாரம் திறந்து கிடந்து, காற்றும் அடித்த பிறகும் இப்படி. மீட்டரை மேலே எடுத்து, கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு, உள்ளே போனவரைத் தூக்க அதே மாதிரி போனால் என்ன ஆகும் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பாய்லர்காரரின் பெயரை எடுக்கவே இல்லை.

மச்சான் கேட்டார்: ‘அப்ப நான் எறங்கியிருந்தா?’

‘உங்களையும் சேர்த்து மூணு பேரை நாங்க எடுத்திருப்போம். ஏணியில தொங்குன அந்தப் பையனையும் மேல இழுக்க ஆள் இருந்திருக்காது.’

யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் டீக்கடையில் பாய்லர்காரர் பக்கத்தில் களத்துப் பெண்ணின் கணவர் உட்கார்ந்ததை மேனேஜர் பார்த்துச் சொன்னார். கருமாதிக்கு அவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். போனார், சாப்பிடாமல் திரும்பிவிட்டார்.

பின்னர் நடந்தவை

ஆலை மூன்றாம் வாரம் ஓடத் தொடங்கியது. முதல் நாள் அரவை இல்லை, சுத்தம் செய்வது மட்டும். தொட்டிப் பக்கம் வேலை வேண்டாம் என்றவர்களுக்குப் பேக்கிங்கில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள், கூலி குறையவில்லை.

ஒரு மாதம் கழித்து உளவியலாளர் மீண்டும் வந்தபோது பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். பாய்லர்காரருக்குத் தூக்கம் திரும்பவில்லை. மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் சிகிச்சை எடுத்து, இடையில் சம்பளத்தோடு விடுப்பில் இருந்து, குறுவை நெல் வரும் நேரத்தில் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் திரும்பினார். மச்சான் திருப்பூருக்குப் போய்விட்டார்.

மனைவிக்கு ஆலையில் வேலை தருவதாகச் சொன்னார்கள். பெரிய உதவி என்று எல்லோரும் நினைத்தோம். ‘அந்தக் கேட்டுக்குள்ள நான் எப்படிங்க தினம் காலை வைப்பேன்’ என்றார் அவர். பெண்ணின் கல்லூரிப் படிப்புச் செலவைக் கேட்டார், அது ஏற்கப்பட்டது. இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு வாரிசுச் சான்றும் மற்ற தாள்களும் சேர்ந்து முதல் பணம் வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை ஆலை மாதச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்தது. தாலுகா ஆபீசுக்கு அலைய ஆபீஸ் பையன் ஒருவரை ஒதுக்கினார்கள்.

கவனிக்காமல் விட்டது ஒருவரை. ‘வால்வைப் பாருப்பா’ என்று சொன்ன சூப்பர்வைசர். அலட்சியத்தால் மரணம் என்ற வழக்கில் அவர் பெயர் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் துணைப் பட்டியலில் அவரை யாரும் சேர்க்கவில்லை. அவரும் வரவில்லை. இரண்டு மாதத்தில் குடி கூடி, ஒருநாள் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்கு ஆள் போனது. பொறுப்பு யாருடையது என்ற விசாரணையும் ஆளுக்குத் துணை என்பதும் தனித்தனியாக நடக்க வேண்டியவை. இங்கே முதலாவது இரண்டாவதை விழுங்கிவிட்டது.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

தொட்டிக்குள் ஆள் இறங்குவது நின்றது. மோட்டாரை மாற்றி, வால்வைச் சங்கிலியில் மேலே இழுத்துச் சுத்தம் செய்யும்படி அமைத்துவிட்டார்கள். தொட்டி வாய்க்குக் கம்பி மூடியும் பூட்டும், சாவி பாய்லர்காரரிடம். ஆலை நான்கு நாளுக்கு மேல் நின்றால் ஊறல் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. கேஸ் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டு நோட்டில் இப்போது மேஸ்திரி ஆட்களும் உண்டு. வெளிமாநிலத்தவருக்கு இந்தியில் ஒரு வரி, அவர்கள் மொழி தெரிந்த வெளியாள் ஒருவரின் நம்பர். அறைத்தோழரையே கெட்ட செய்தி சொல்ல வைப்பதில்லை. எல்லோரும் இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டார்கள், மேஸ்திரி ஒருவர் இதனால் விலகிப் போனார்.

இன்னொரு ஆலையில் இப்படி நடந்தால் நான் சொல்வது, தொட்டி வாயில் ஏழாம் நாள் நடந்ததை மூன்றாம் நாளே நடத்த வேண்டும் என்று. அந்த நாலு நாளில்தான் பாய்லர்காரரைப் பற்றிய பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. பயிற்சியில் மீட்பைக் கற்றுக்கொடுக்கும்போது, அருகில் இருப்பவரைத் தடுப்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது, என்ன சொல்லிக் கத்துவது, பிடித்தவருக்குப் பிறகு யார் துணை என்பது வரைக்கும்.

சூப்பர்வைசர் குடியை விட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார், சேமிப்புக் கிடங்கில். வழக்கு முடியவில்லை. வாய்தா நாளில் அவருக்கு ஆலை சம்பளம் பிடிப்பதில்லை. கோர்ட்டுக்குக் கூடப் போக மேனேஜர் ஓர் ஆளை அனுப்புகிறார்.